கிளட்சும் ஃபிளைவீலும் வாரண்டியில் வராது, மலையில் ஓட்டினீர்கள் என்கிறார்களா?

கோத்தகிரி பக்கம் அரவேனுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டீசல் மேனுவல் எஸ்யூவி, 12 லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. 2 வருடம் 4 மாதம் ஆகிறது, 34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, மூன்று வருட வாரண்டி இன்னும் முடியவில்லை. ஏற்றத்தில் முதல் கியரில் எடுக்கும்போதும் ரிவர்ஸ் போகும்போதும் வண்டி உதறுகிறது. எஞ்சினை அணைத்தால் அடியில் சங்கிலியை உலுக்கியது மாதிரி ஒரு சத்தம். கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் காட்டினால், "கிளட்ச் செட், ஃபிளைவீல் ரெண்டும் மாத்தணும், 92,000 ரூபாய் ஆகும், மலையில ஹாஃப் கிளட்ச்ல ஓட்டினதால தேய்ஞ்சது, வாரண்டி கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஃபிளைவீல் என்பது எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் கனத்த சக்கரம், ஹாஃப் கிளட்ச் என்றால் கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவது. இதே மாடலில் இதே கோளாறு பலருக்கு வந்திருக்கிறது, கம்பெனிக்கும் தெரியும், அப்படியிருக்க இது நியாயமா, என்ன செய்யலாம் என்கிறார்.

தம்பி, எனக்கு முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துச் சொன்னார்களா, ஓட்டிப் பார்த்துச் சொன்னார்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு எஸ்டிமேட் போட்ட மாதிரி இருக்கிறது. கியர்பாக்ஸ் இறங்காமல் கிளட்ச் பிளேட் தேய்ந்ததா, கருகியதா, எண்ணெய் பட்டதா, ஃபிளைவீல் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. முப்பது வருடம் அனுபவம் உள்ள மெக்கானிக்கும் சந்தேகமாகத்தான் சொல்ல முடியும். அதனால் இப்போது உங்களுக்கு வந்திருப்பது தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது ஒருவருடைய ஊகம்.

நான் கோவையில் ஒரு டீலர் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருடம் இருந்தேன், அதில் நான்கு வருடம் வாரண்டி கிளெய்ம் பார்க்கும் மேஜையில். இப்போது குன்னூரில் சொந்தப் பட்டறை. அந்த மேஜையில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், "வாரண்டியில் வராது" என்று கவுண்டரில் சொல்கிறார்களே, அதில் பாதிக்குமேல் கம்பெனிவரை போகவே போகாத கேஸ்கள். டீலர் வேலையைச் செய்து, படம் எடுத்து, பழைய பாகத்தை டேக் கட்டி வைத்து, கிளெய்ம் அனுப்ப வேண்டும். அங்கே தேய்மானம் என்று தள்ளிவிட்டால் பார்ட்ஸ் காசும் லேபரும் டீலர் தலையில். ஆறு மாதம் கழித்து ஆடிட் வந்து, பாஸான கிளெய்மையே திரும்பப் பிடித்துக்கொள்வதும் உண்டு. கிளட்ச் என்றாலே ஆடிட்காரர் கண் அங்கேதான் போகும். அதனால் பயந்துகொண்டு, கேட்காமலேயே முடியாது என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுலபம். நீலகிரி நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டால் காரணமும் தயாராக இருக்கிறது. ஆக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "கிளெய்ம் அனுப்பினீர்களா? நம்பர் என்ன? கம்பெனி மறுத்ததை எழுத்தில் கொடுங்கள்." இதை வாயால் கேட்காமல் ஈமெயிலில் கேளுங்கள், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு காப்பி போகட்டும். பல கேஸ்கள் இந்த ஒரு ஈமெயிலிலேயே அசைய ஆரம்பித்துவிடும்.

அடுத்து வாரண்டி புத்தகத்தை எடுங்கள், டேஷ்போர்டுக்குள்தான் இருக்கும். தேய்மானப் பொருட்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். பிரேக் பேட், வைப்பர் ரப்பர், ஃபில்டர், கிளட்ச். அந்தக் கிளட்ச் என்ற இடத்தில் என்ன வார்த்தை போட்டிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சில புத்தகங்களில் கிளட்ச் டிஸ்க் அல்லது லைனிங் என்று மட்டும் இருக்கும். அப்படியானால் அந்த டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும், பெடலை மிதித்தால் அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் அதில் சேராது. ஃபிளைவீல் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது, அது எஞ்சினோடு சேர்ந்த பாகம். உங்கள் 92,000 ரூபாயில் பெரிய பங்கு அதற்குத்தான் போகும். இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் கட்டி, கிளட்ச் தேய்மானம் ஆகவே மொத்தமும் தேய்மானம் என்று சொல்வதை ஏற்காதீர்கள், பாகம் பாகமாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொரு வரியும் தேடுங்கள்: தேய்மானப் பொருளாக இருந்தாலும் தயாரிப்புக் குறையால் பழுதானால் மாற்றித் தரப்படும் என்று சில கம்பெனிகள் போட்டிருப்பார்கள். சிலர் இத்தனை கிலோமீட்டர்வரை என்று தனியாக ஒரு வரம்பும் வைத்திருப்பார்கள்.

சரி, ஃபிளைவீல் ஏன் இவ்வளவு பிரச்சினை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால்தான் சர்வீஸ் சென்டரில் எதிர்நின்று பேச முடியும். பழைய வண்டிகளில் ஃபிளைவீல் ஒரே வார்ப்புத் துண்டு, அது கெடுவது அபூர்வம். இப்போதைய டீசல் கார்கள் பலவற்றில் இருப்பது டூயல் மாஸ் ஃபிளைவீல். 1980களின் நடுவில் கார்களுக்கு வந்த விஷயம் இது. இரண்டு கனத்த தட்டுகள், நடுவே வில் மாதிரி வளைந்த நீளமான ஸ்பிரிங்குகள், அவற்றைச் சுற்றி கிரீஸ். டீசல் எஞ்சின் ஒவ்வொரு முறை சிலிண்டரில் எரியும்போதும் ஒரு உதை உதைக்கும், அந்த உதை கியர்பாக்ஸுக்குப் போகாமல் இந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் புது டீசல் கார்கள் இவ்வளவு அமைதியாக ஓடுகின்றன. ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ, கிரீஸ் வெளியே சிதறினாலோ, இரண்டு தட்டுகளும் ஒன்றோடொன்று மோதும். எஞ்சினை அணைக்கும்போது கேட்கிறது என்றீர்களே, அந்தச் சங்கிலிச் சத்தம் அதற்கு வழக்கமான அறிகுறி. தளர்ந்த ஃபிளைவீல் மேல் கிளட்ச் ஒழுங்காகப் பிடிக்காது, அதனால் உதறலும் வரலாம். அதாவது கிளட்ச் கெட்டதால் ஃபிளைவீல் போயிற்றா, ஃபிளைவீல் கெட்டதால் கிளட்ச் போயிற்றா என்பதுதான் உங்கள் வழக்கே.

இதில் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மே மாதம் சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பர்லியாறு தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹேண்ட் பிரேக் போடாமல், கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் பிடித்தே வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படி அரை மணி நேரம் நின்றால் புது கிளட்சும் கருகும், அந்தச் சூடு ஃபிளைவீலுக்குள் இறங்கி கிரீஸையும் கெடுக்கும். இன்னொரு பழக்கம், எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் மேல் கியரிலேயே இழுத்துக்கொண்டு ஏறுவது. அதில் எஞ்சின் உதை முழுவதும் ஸ்பிரிங் மேல் விழும். ஆகவே மலையில் ஓட்டினால் கிளட்ச் போகும் என்பது முழுப் பொய் கிடையாது. ஆனால் அதே கோத்தகிரி ரோட்டில் தினமும் இரண்டு நடை ஓடும் வாடகைக் கார்கள் ஒரே கிளட்சில் 80,000, ஒரு லட்சம் கிலோமீட்டர் போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்புறம், மலையில் விற்கும் வண்டி மலையில்தான் ஓடும். மலைப்பாதையில் ஓட்டினால் வாரண்டி இல்லை என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எனவே எல்லாம் முடிவாகும் இடம் கியர்பாக்ஸ் இறங்கும் அந்த இரண்டு மணி நேரம். அன்றைக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். உள்ளே வாடிக்கையாளரை விடமாட்டோம் என்பார்கள், இறக்கிய பிறகு, பாகங்களைத் துடைப்பதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே, அதாவது அவர்கள் போடும் வேலைச் சீட்டிலேயே, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். துடைத்துவிட்டால் பாதி சாட்சி போய்விடும்.

நான் கிளெய்ம் மேஜையில் இருந்தபோது கட்டபெட்டு பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய கார் வந்தது. 20,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறது என்று புகார். அட்வைசர் ஓட்டிப் பார்த்துவிட்டு ஹாஃப் கிளட்ச் என்று எழுதிவிட்டார், நானும் அதை அப்படியே மறுத்து அனுப்பத் தயாராக இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை, இறக்கிக் காட்டுங்கள், என் தவறு என்றால் காசு கட்டிவிடுகிறேன் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இறக்கினோம். பிளேட்டைக் கையில் எடுத்தால் லைனிங்கில் வெட்டிய கோடுகள் அப்படியே ஆழமாக இருந்தன, ரிவெட் தலைகள் நன்றாக உள்ளே இருந்தன, புதிதாக மாட்டியது மாதிரி. ஆனால் முகம் முழுக்கக் கருத்து, விரலை வைத்தால் வழவழப்பாக ஒட்டியது. மோந்து பார்த்தால் கருகல் நாற்றம் இல்லை, கியர் ஆயில் வாசனை. கியர்பாக்ஸ் மூக்கில் இருக்கிற சீலைச் சுற்றி எண்ணெய் கசிந்து, மணி மாதிரி இருக்கும் கூட்டின் அடியில் தேங்கி நின்றது. சீல் குறை, எண்ணெய் பிளேட்டில் பட்டு வழுக்கியிருக்கிறது, அவர் ஓட்டியதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படம் வைத்து அனுப்பினோம், சீலும் கிளட்சும் சேர்த்து வாரண்டியில் பாஸாயிற்று. அவர் நாற்காலியில் உட்காராமல் போயிருந்தால் என் கையெழுத்தில்தான் அவருக்கு மறுப்பு போயிருக்கும். அதற்குப் பிறகு இறக்காமல் எந்தக் கிளட்ச் கிளெய்மையும் நான் மறுத்ததில்லை.

அதனால் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பிளேட்டின் கனத்தை வெர்னியரில் நாலைந்து இடத்தில் அளக்கச் சொல்லி, அளவு வெர்னியரில் தெரியும்படி படம் எடுங்கள். ரிவெட் தலை லைனிங்குக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது முக்கியம், பல கார்களில் 0.3 மில்லிமீட்டர்தான் கடைசி வரம்பு. இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்து ரிவெட்டைத் தொட்டுவிட்டது என்றால் அது தேய்மானம், நான் உங்களுக்காக வாதாட மாட்டேன். லைனிங் கருகி உதிர்ந்து, பிரஷர் பிளேட் முகத்திலும் ஃபிளைவீல் முகத்திலும் நீலம் பாய்ந்து, முடிபோல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் கடும் சூடு பட்டிருக்கிறது. அப்போதும் ஏன் சூடாயிற்று என்ற கேள்வி பாக்கி இருக்கும், ரிலீஸ் பேரிங் சிக்கிக்கொண்டாலும் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் சூடாகும். பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லைனிங் நல்ல கனமாக இருந்து, நீலமும் இல்லாமல், ஃபிளைவீல் மட்டும் ஆடுகிறது என்றால் ஹாஃப் கிளட்ச் கதை அங்கேயே முடிந்தது.

ஃபிளைவீலைக் கையாலேயே ஓரளவு சோதிக்கலாம். வெளித்தட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் கொஞ்ச தூரம் லேசாகப் போய், பிறகு ஸ்பிரிங் தடுப்பது கையில் தெரிய வேண்டும். தடையே இல்லாமல் கடகடவென்று போனாலோ, நடுவில் எங்காவது சிக்கினாலோ நல்லதில்லை. முன்னும் பின்னும் ஆட்டமும் பார்ப்பார்கள். இந்தச் சுழற்சிக்கும் ஆட்டத்துக்கும் ஒவ்வொரு பார்ட் நம்பருக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அளவு உண்டு, அளப்பதற்குக் கருவியும் உண்டு. "ஆட்டம் அதிகம்" என்று எழுதினால் போதாது, எவ்வளவு, அனுமதித்த அளவு எவ்வளவு என்று இரண்டு எண்களையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் சிதறியிருந்தால் அதையும் படமெடுங்கள். எல்லாவற்றையும் வீடியோவாக, கிலோமீட்டர் காட்டும் மீட்டரில் ஆரம்பித்து ஒரே ஓட்டமாக எடுத்தால் இன்னும் நல்லது.

இப்போது "கம்பெனிக்குத் தெரிந்த கோளாறு" என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோபம் அங்கேதான் இருக்கிறது, அது நியாயமான கோபம். பிரச்சினை தெரிந்தும் ஓட்டுநர் மேல் பழி போட்டதற்கு உலகத்தில் பதிவான உதாரணங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு தன் பவர்ஷிஃப்ட் என்ற ஆட்டோமேட்டிக் இரட்டைக் கிளட்ச் கார்கள் உதறுகின்றன என்று வந்தவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கிளட்சில் தரப் பிரச்சினை இருப்பது தெரிந்தே அப்படிச் சொன்னதற்காக 2018இல் அங்கே ஃபெடரல் கோர்ட் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சீனாவில் ஃபோக்ஸ்வாகனின் அதே மாதிரி இரட்டைக் கிளட்ச் உள்ள ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்கு 2012இல் வாரண்டியை 10 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று நீட்டினார்கள், 2013இல் 3,84,000க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். மேனுவல் கிளட்ச் என்றால் அமெரிக்காவில் ஜீப் ராங்க்லர், கிளாடியேட்டர் வண்டிகளைப் பிரஷர் பிளேட் சூடாகி உடையலாம் என்று 2020இல் திரும்ப அழைத்தார்கள். கிளட்ச் என்றால் தேய்மானம்தான், குறை என்ற பேச்சே வராது என்று யாராவது சொன்னால் இவை பதில்.

ஆனால் பத்துப் பேர் இதே புகார் சொல்லியிருக்கிறார்கள் என்பதை மட்டும் கொண்டுபோய் நின்றால் உங்கள் கார் ஜெயிக்காது. அவர்கள் கார் வேறு, உங்கள் கார் வேறு என்றுவிடுவார்கள். அதைவிட வலுவான சாட்சி பார்ட்ஸ் கவுண்டரில் இருக்கிறது. உங்கள் வண்டியில் வந்த ஃபிளைவீலின் பார்ட் நம்பரையும், இப்போது அதற்குப் பதிலாகக் கொடுக்கும் பார்ட் நம்பரையும் கேட்டு வாங்குங்கள். நம்பர் மாறியிருந்தால், அல்லது கடைசி எழுத்து ஏறியிருந்தால், கம்பெனி அந்தப் பாகத்தை எங்கோ திருத்தியிருக்கிறது. ஏன் திருத்தினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். டீலர்களுக்கு மட்டும் அனுப்பும் சர்வீஸ் சுற்றறிக்கை இந்தக் கோளாறுக்கு உண்டா என்றும் கேளுங்கள். கொடுக்காவிட்டாலும் கேட்ட கடிதம் உங்கள் கையில் இருக்கும், பிறகு நுகர்வோர் ஆணையத்தில் அதைக் கொண்டுவரச் சொல்லி மனுப் போடலாம்.

நம் நாட்டிலும் திரும்ப அழைக்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. ஆனால் அது பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறைகளுக்கு. புகார் பதிந்து வையுங்கள், அதிலிருந்து உங்கள் 92,000 திரும்பிவரும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கு உதவுவது 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். வாரண்டி புத்தகம் என்ன சொன்னாலும், பொருளில் தரக்குறை இருந்தால் புகார் செய்யும் உரிமை அந்தச் சட்டத்தில் தனியாக இருக்கிறது. கார் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் புகார் கொடுக்கலாம், அதாவது ஊட்டியில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். 50 லட்சம்வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம்வரை விலை என்றால் கட்டணம் 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், பேச்சுவார்த்தை நடக்கிறது என்று அதைத் தாண்டவிடாதீர்கள். அதற்கு முன் 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள், செலவில்லை, பெரிய கம்பெனிகள் அங்கிருந்து வரும் புகாருக்குப் பதில் சொல்லிவிடுகின்றன. வாடகைக் கார் வைத்திருக்கும் நம் ஊர் டிரைவர்கள் மஞ்சள் போர்டு என்பதால் முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள், தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், சட்டத்திலேயே அப்படி இருக்கிறது.

ஆணையத்தில் தயாரிப்புக் குறை என்று சொன்னால் நிரூபிக்கச் சொல்வார்கள். சோதித்தால்தான் தெரியும் என்கிற குறையாக இருந்தால் பாகத்தைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, சட்டத்தின் 38ஆம் பிரிவில் வருகிறது, அதை மனுவிலேயே கேட்டுவிடுங்கள். கோவையில் ஆட்டோமொபைல் துறை உள்ள பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே ஒரு பேராசிரியரிடம் அறிக்கை வாங்கிச் சேர்த்தால் கை ஓங்கும். கார் முழுவதையும் மாற்றித் தா என்று மட்டும் கேட்காதீர்கள். 2006இல் மாருதி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட், வாரண்டி சொல்வது குறையான பாகத்தை மாற்றுவது, அதற்காக முழுக் காரையே மாற்றச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டது. பாகம், லேபர், வண்டி நின்ற நாட்களுக்கும் அலைச்சலுக்கும் இழப்பீடு என்று கேளுங்கள், கிடைக்கக்கூடியது அது.

இடையில் வண்டி இல்லாமல் அரவேனுவில் எப்படி இருப்பது என்று கேட்பீர்கள், உண்மைதான், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடவே வண்டி வேண்டும். அப்படியானால் காசு கட்டி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் பில்லில் "வாரண்டி உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பணம் செலுத்துகிறேன்" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகங்கள் உங்களுடையவை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், ஃபிளைவீல் நான்கையும் துடைக்காமல் சாக்கில் கட்டி, அவை உங்களிடம் ஒப்படைக்கப்பட்டன என்று ஜாப் கார்டில் எழுதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கனமாக இருக்கும், இருக்கட்டும், பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாகம் இல்லாத வழக்கில் சோதனைக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது.

பாதி நாங்கள், பாதி நீங்கள் என்று நல்லெண்ணச் சலுகை ஒன்று பேசுவார்கள். பிளேட் நிஜமாகவே பாதி தேய்ந்திருந்தால் கிளட்ச் செட்டுக்கு அதை ஒத்துக்கொள்வதில் தவறில்லை, ஃபிளைவீலுக்கு முழுசாகக் கேளுங்கள். இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள்.

உடனே செய்ய வேண்டியது அந்த ஈமெயில். கியர்பாக்ஸ் இறக்கும் தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள் தம்பி, ஞாயிறு தவிர எந்த நாளானாலும் காலை முதல் பஸ்ஸில் இறங்கி வெர்னியரோடு நானும் வந்துவிடுகிறேன்.